முசியே அருளப்பனும் ஐந்து வால்களும்

முசியே அருளப்பன் இறந்துபோன செய்தியை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் அட்ஜுதான் பதவி வகித்த இஞ்ஞாசி. அருளப்பனை வேட்டைச் சங்கத்தை விட்டு வெளியே அனுப்பிய சங்கத் தலைவரும் இதே இஞ்ஞாசிதான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கால் வைக்காதவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வெள்ளைக் கால்சட்டையும் கையில் தொப்பியுமாக வந்து நின்றார். "மிருக வைத்தியர் போயிட்டாருய்யா. ஆஸ்பத்திரியிலயே, விடியக்காலம்," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தப்போகிறதாம். நான் பேச வேண்டுமாம். நாலு நல்ல வார்த்தை. கொஞ்சம் சிரிப்பாக இருந்தாலும் பரவாயில்லையாம். "வாலைப் பத்தி மட்டும் வேணாம்யா. செத்தவரைப் பத்தி நல்லதாவே பேசிடுவோம்."

முந்தின நாள் சாயங்காலம்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அருளப்பன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அங்கே கொடுத்த கஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். இதைப் பன்றிக்கு ஊற்றினால் பன்றி வேறு வைத்தியரைத் தேடிப் போய்விடும் என்றார். இப்படிப் பேசுகிறவன் சாகமாட்டான் என்ற நம்பிக்கையில் நான் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன். என் கணிப்புகள் எப்போதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அருளப்பனைத் தெரிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாலை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசு என்பது, கடலை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு அடையாளம் சொல் என்பதைப் போன்றது.

பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் எங்களுடையவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். அதனால் பெயருக்கு முன்னால் முசியே, அதாவது பிரெஞ்சு 'ஐயா', ஒட்டிக்கொண்டது. பத்திரிகையில் கோமாளித்தனமாக எழுதி வயிறு வளர்க்கிறவன் நான். இரண்டு கதவும் ஒரே பச்சை. வயிறு ஊதிய எருமையோடு விடிகாலையில் என் கதவைத் தட்டியவர்கள் உண்டு. ஒரு முறை தவளக்குப்பத்து ஆள் ஒருவர் என்னைத்தான் வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு, தன் ஆட்டைப் பற்றிக் கால் மணி நேரம் சொல்லித் தீர்த்தார். நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மறு வாரம் அந்த ஆள் வாழைத்தாரோடு வந்தார், ஆடு பிழைத்துவிட்டதாம். அருளப்பனிடம் பெருமையாகச் சொன்னேன். "நீ ஒண்ணும் செய்யல பாரு, அதான் பொழைச்சிது. பாதி வைத்தியம் அதான் கோபாலு," என்றார்.

நாய்களோடு அவர் பிரெஞ்சில் பேசுவார். அதுவும் மரியாதைப் பன்மையில், "தாங்கள் சற்றுக் காலைத் தூக்கினால் நல்லது" என்கிற ரீதியில். மனிதர்களோடு தமிழில் பேசுவார். அங்கே மரியாதை கொஞ்சம் குறையும். நாய்க்கு எதற்கு இவ்வளவு பணிவு என்று கேட்டேன். நோயாளியைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வருகிறார்கள், மரியாதையாவது மிச்சம் இருக்கட்டும் என்றார்.

வேட்டைச் சங்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சைகோன், அல்ஜீரியா என்று பிரெஞ்சுக் கொடிக்குச் சேவகம் செய்து பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்கள், அதாவது நம்மூர்ப் பட்டாளத்துக்காரர்கள், நடத்துகிற சங்கம். மழைக்காலம் முடிந்ததும் ஞாயிறுதோறும் ஊசுட்டேரிக்கு உள்ளான் பறவை சுடப் போவார்கள். கூடவே எப்பாஞோல் நாய்கள். செம்பட்டையும் வெள்ளையுமாகக் காது தொங்கும் சாதி. முட்புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பும்; சுட்டு விழுந்ததை நோகாமல் கவ்விக்கொண்டு வரும். அந்த நாய்களுக்கு வால் கிடையாது. நாலு விரல் நீளத்துக்கு ஒரு குச்சி இருக்கும், அவ்வளவுதான். குட்டி பிறந்த மூன்றாம் நாள் வெட்டிவிட வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். முழு வாலுள்ள நாயைச் சங்கத்து வேட்டைக்குக் கொண்டுவரக் கூடாது. காரணம், முள்ளில் வால் கிழிந்துவிடும்.

இந்த வெட்டு அவர்களுக்குக் காது குத்துக் கல்யாணம் மாதிரி. இஞ்ஞாசி வீட்டில் நடந்த ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் கேக், கண்ணாடிக் கோப்பைகளில் ஒயின். தாய் நாயைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, கொதிக்கவைத்த கத்தரிக்கோலோடு அருளப்பன் உட்கார்ந்தார். முதல் குட்டி "ம்ங்" என்றது. அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மயங்கி மதாம் இஞ்ஞாசியின் மடியில் விழுந்தேனாம். வெட்டுப்பட்ட குட்டிகளே ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டன. என்னைத் தெளிய வைக்கத்தான் நேரமாயிற்றாம். "இவனுக்கும் சேர்த்து வெட்டிடலாமா?" என்று இஞ்ஞாசி கேட்டாராம். ஊர் ரொம்ப நாள் சிரித்தது.

இப்படி வருஷக்கணக்காக வெட்டிக்கொண்டிருந்த மனிதர் நிறுத்தியது, புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த இணைப்புக்கு மறு வருஷம். ஏரிக்கரையில் முயல் பிடிக்க வருகிறவர்களின் நாட்டு நாய்கள், சங்கத்து நாய்கள் நுழைகிற அதே காரைமுள்ளுக்குள் நுழைந்து வெளியே வருவதை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவனித்தார். எல்லாவற்றுக்கும் வால் முழுசாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் சுவர் வழியாக என்னைக் கூப்பிட்டார். "கோபாலு, முள்ளுல வால் கிழிஞ்ச நாயை நான் என் ஜென்மத்துல பாத்ததில்லடா," என்றார். எல்லாம் நீங்கள் வெட்டியதால்தானே என்றேன். "அதான் சொல்றேன். எல்லாத்தையும் வெட்டிட்டேன். வெட்டாம விட்டா கிழியுமான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே வெட்டிட்டிருந்திருக்கேன்."

பிறகு வயதான உறுப்பினர்களிடம் விசாரித்துப் பார்த்து இன்னொன்றையும் கண்டுபிடித்தார். சங்கத்தைத் தொடங்கிய வெள்ளைக்கார அதிகாரி கப்பலில் கொண்டுவந்த முதல் ஜோடி நாய்களுக்குப் பிறவியிலேயே வால் குட்டை. அந்தச் சாதியில் அப்படியும் பிறக்குமாம். இங்கே வந்து நம் நாட்டு நாய்களோடு சேர்ந்ததும் குட்டிகளுக்கு வால் நீண்டுவிட்டது. கலப்பு வெளியே தெரியாமலிருக்கத்தான் கத்தரிக்கோல் வந்தது. முள் என்ற காரணம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதை அவர் சங்கத்துப் பொதுக்கூட்டத்தில், எழுந்து நின்று, சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பாட்டனின் தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுப் பெயர் மாதிரி திருத்தி எழுதிக்கொண்டவர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்த சபை அது. நாய்க் கதை யாரைச் சுடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விஷயம் நாயைவிட்டு ஊருக்குள் புகுந்தது. அந்த நாளில் நம்மூரில் எதைத் தொட்டாலும் பிரான்சுப் பக்கமா, இந்தியாப் பக்கமா என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் தணிகாசலம், மேடை கிடைத்தால் மைக்கையே விழுங்கக்கூடியவர், கடைத்தெருவில் கூட்டம் போட்டார். அந்நியன் நம் நிலத்தை வெட்டினான், நம் நாக்கை வெட்டினான், கடைசியில் நம் நாயின் வாலையும் வெட்டினான் என்று முழங்கினார். கைதட்டல். மறு வாரமே, தெருவில் சோறு பொறுக்கித் தின்றுகொண்டிருந்த நாய்களையெல்லாம் பிடித்து வால் வெட்டி விசுவாசத்தைக் காட்டினார்கள் எதிர்ப்பக்கத்தார் சிலர். நான் இரண்டு தரப்பையும் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டு தரப்பும் என்னைப் பாராட்டினார்கள். மற்றவனைத்தான் அடித்திருக்கிறேன் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். என் எழுத்தின் கூர்மைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

தணிகாசலம் அருளப்பனையும் மேடையேற்றி மாலை போட்டார். இறங்கி வந்தபோது மனிதர் முகம் வேப்பங்காய் தின்ற மாதிரி இருந்தது. "நான் நாயைப் பத்திப் பேசுனேன். இவரு தேசத்தைப் பத்திப் பேசுறாரு. நாயி நடுவுல நிக்குது," என்றார்.

அருளப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஈற்றுக் குட்டிகளை வெட்டாமல் விடுங்கள், ஒரு பருவம் ஏரியில் வேலை செய்யட்டும், அப்புறம் பார்த்துப் பேசலாம். அவற்றைத் தர முன்வந்தவர் நடேசன். இணைப்புக்குப் பிறகு சங்கத்தில் சேர்ந்த விவசாயி. அவருடைய பெட்டை அப்போது ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. இஞ்ஞாசி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பருவம் முடியும்வரை ஐந்து வாலும் முழுசாக இருந்தால் சட்டத்தை எடுத்துவிடலாம். ஒன்று கிழிந்தாலும் சட்டம் அப்படியே இருக்கும். அருளப்பன் சங்கத்தில் இருக்க மாட்டார்.

இது பேரமே இல்லை, தூக்குக் கயிறு என்று நான் சொன்னேன். சங்கத்து வீடுகள்தான் அவருடைய பிழைப்பு. அதைவிட, மனைவியும் போய்ப் பிள்ளைகளும் இல்லாத மனிதருக்கு ஏரிக்கரை ஞாயிறு ஒன்றுதான் வாரத்தில் மிச்சமிருந்தது. ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு இருட்டில் கிளம்பும்போது சீட்டியடிப்பார்; என் தூக்கம் போகும். அதைப் பணயம் வைக்கிறீர்களே என்றேன். "ஒத்துக்கலன்னா அஞ்சையும் நாளைக்கே வெட்டச் சொல்லுவானுங்க. அப்புறம் யாருக்கும் எப்பவும் தெரியாமலே போயிடும்," என்றார்.

குட்டிகள் வளர்ந்தன, பழகின. மறு வருஷம் தை பிறக்கும்போது ஐந்தும் ஏரியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தன. கோரைக்குள் நாய் மறைந்துவிடும், வாலின் நுனி மட்டும் மேலே தெரியும். பறவை வாடை பிடித்ததும் அந்த நுனியின் ஆட்டம் மாறும். இஞ்ஞாசியே ஒரு தரம் "நாய் எங்க இருக்குன்னு இப்பத்தான்யா தெரியுது," என்று சொன்னதாக நடேசன் வந்து சிரித்தார். நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணிப்புகளைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

மாசியில், பருவம் முடியப்போகிற சமயம், நடேசன் அந்த ஐந்தில் ஒரு பெட்டையை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். சூரைமுள்ளில் மாட்டி வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. அன்று ஏரிக்குச் சங்கத்தார் யாரும் போகவில்லை. நடேசன் தனியாகப் பழக்கப் போயிருந்தார். அருளப்பன் கழுவிக் கட்டுப் போட்டார். ஆனால் சந்தோஷமான நாய்க்கு வாலைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. அவரைக் கண்டதும் ஆட்டும், சுவரில் அடிபடும், ஆறியது மறுபடி பிளக்கும். வீட்டுச் சுவரெல்லாம் ரத்தத் தெறிப்பு. புண் உள்ளே ஏறத் தொடங்கியதும் வேறு வழி இல்லாமல் போயிற்று. வளர்ந்த நாயின் வாலை எடுப்பது மூன்றாம் நாள் குட்டிக்குச் செய்கிற காரியம் அல்ல. குளோரோபாரம் கொடுத்து, எலும்புக் கணுவைத் தேடி அறுத்து, தோலை மடித்துத் தைக்க வேண்டும். நடேசன் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தில் பல்லியைத் தேடினேன். அருளப்பன் முழு நேரமும் பிரெஞ்சில் அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்துக் கை கழுவும்போது தணிகாசலம் வந்து சேர்ந்தார். நடேசன் அவருக்குச் சொந்தக்காரர், சேதி போயிருக்கிறது. விஷயத்தை அவர் ஒரு நொடியில் தீர்த்துவிட்டார். வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது என்று சொன்னால் போயிற்று. முள்ளை யார் பார்த்தார்கள்?

"என் நாயிதான் டாக்டரய்யா. என்ன சொல்லச் சொல்றீங்களோ சொல்லிடுறேன்," என்றார் நடேசன்.

அருளப்பன் துண்டால் விரல் விரலாகத் துடைத்தார். "முள்ளுல கிழிஞ்சுது. மூணாம் நாளே வெட்டியிருந்தா இதுக்கு இந்தப் பாடு இல்ல. அதையும் நான் சொல்லியாகணும்."

"ஒரு நாய்க்காகக் காரியத்தையே கெடுக்கிறீங்களே ஐயா. மத்த நாலும் நல்லாத்தானே இருக்குது?" என்றார் தணிகாசலம்.

"நாலையும் சொல்லுவேன். இதையும் சொல்லுவேன்."

சொன்னார். சங்கத்துக் கூட்டத்தில் அவர் பேசியது மொத்தமே சில நிமிஷங்கள். "நாலு வால் நல்லா இருக்குது. ஒண்ணு கிழிஞ்சுது. கிழிஞ்சதுக்கு ரொம்ப வலி. ஒண்ணு கிழியுமேன்னு அஞ்சையும் வெட்டலாமா, நாலு நல்லாயிருக்கேன்னு ஒண்ணை விட்டுடலாமா, அது பெரிய கேள்வி. எனக்கு இன்னும் பதில் தெரியல. இன்னும் ரெண்டு ஈத்து பாத்தா தெரியலாம். தெரியாம மட்டும் இனிமே கத்தரிக்கோலைத் தொட மாட்டேன்." நான் பின்வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். இஞ்ஞாசிக்குக் காதில் விழுந்தது "ஒண்ணு கிழிஞ்சுது" மட்டும்தான். அங்கேயே கைதூக்கச் சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள். தூக்கிய கைகளில் பல, அவர் நாய்களைப் பிழைக்கவைத்த வீட்டுக் கைகள்.

கடைத்தெருவிலும் அவருக்கு இடமில்லை. பென்ஷன்காரர்களிடம் விலைபோய்விட்டார் என்று தணிகாசலத்தின் ஆட்கள் பரப்பினார்கள். மாலை போட்ட மேடையிலிருந்தே அதையும் சொன்னார்கள். கொடுத்த மாலையைத் திருப்பிக் கேட்கவில்லை, அது வாடிப்போயிருந்ததால் இருக்கலாம்.

அதற்குப் பிறகு குட்டிகளின் வாலை இஞ்ஞாசியின் மருமகன் சவரக் கத்தியால் வெட்டினான். ரத்தம் நிற்காதபோது ஆள் வரும், அருளப்பன் வீட்டுக் கொல்லைப்புறமாக. வாசல் வழியாக வந்தால் சங்கத்தின் மானம் போய்விடும் அல்லவா? ஒரு தடவைகூட அவர் போகாமல் இருந்ததில்லை. இவ்வளவு அவமானப்படுத்தினவன் வீட்டுக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கத்தினேன். குட்டி எந்தக் கட்சி என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நல்ல தூக்கம் கிடைத்தது. சீட்டியடிக்க யாரும் இல்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துப்பாக்கிகளும் நாய்களுமாக ஆட்கள் வண்டியில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாய்கள் அவரைப் பார்த்து அந்த நாலு விரல் குச்சியை ஆட்டும். மனிதர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு முறை கேட்டேன், வண்டிச் சக்கரம் என்று சொல்லியிருந்தால் எத்தனையோ குட்டிகளின் வால் தப்பியிருக்குமே என்று. "தப்பியிருக்கும்," என்றார். "அப்புறம் அதுல ஒண்ணு முள்ளுல கிழிச்சிக்கிட்டு என் முன்னால வந்து நிக்கும். அதுக்கிட்ட நான் என்னடா சொல்றது? உன்னை மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதை மறைச்சிட்டேன்னா?"

போன ஞாயிறு இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். இஞ்ஞாசி பேசினார்: வாலை வெட்டுவதே சரி என்று கடைசியில் ஒப்புக்கொண்ட நேர்மையாளர் அருளப்பன். தணிகாசலம் பேசினார்: எந்த நாய்க்கும் வாலை வெட்டத் தேவையில்லை என்று நிரூபித்துக் காட்டிய வீரர் அருளப்பன். இருவரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் கைதட்டினார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று ஊரே வீட்டுக்கு வீடு பிரிந்து நிற்கிற இந்த வருஷத்தில், இரண்டு பக்கமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் இதுதான். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் தயாரித்துக்கொண்டு போன பேச்சைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். "நாலு வால் நல்லா இருந்துது. ஒண்ணு கிழிஞ்சுது," என்றேன். சபை கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் மதாம் இஞ்ஞாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பினால். இவ்வளவு காலம் உங்களைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவன் நான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்தது என்ன ஜோக் என்று காத்திருந்தீர்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த நடேசன் மட்டும் சிரிக்கவில்லை.

அருளப்பனுடைய கத்தரிக்கோலையும் புட்டிகளையும் யாரோ உறவினர் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வாக்கியம் ஒன்றைத்தான். அதில் இரண்டு பாதி இருக்கிறது. இந்த ஊரில் முதல் பாதியை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டாம் பாதியை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்த்துச் சொன்ன ஒரே மனிதரை உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தோம். இனிமேல் யார் கேட்டாலும் நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன். நீங்கள் சிரித்தாலும் சரி.